செம்பருத்தியும் சத்தியமும்

திண்டுக்கல்லில் என் அக்கா வீட்டுக் கிணற்றடியில் ஒரு செம்பருத்திச் செடி நிற்கிறது. போன ஆடி மாதம் அந்தச் செடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் என் அக்காவிடம் ஓர் உண்மையைச் சொன்னேன். சொல்லி வாயை மூடுவதற்குள், சொல்லியிருக்க வேண்டாமே என்று பட்டது. பொய் சொல்லிவிட்டுப் பல தடவை வருந்தியிருக்கிறேன், அதில் வியப்பில்லை. உண்மையைச் சொல்லிவிட்டு வருந்தியது எனக்குப் புதிய அனுபவம். அந்த வருத்தம் நியாயமானதுதானா, இல்லை, வயதாகி வருவதால் வந்த மனத்தளர்ச்சியா என்று அன்றிலிருந்து யோசித்துக் கொண்டிருக்கிறேன். நீங்களும் என்னோடு சேர்ந்து சற்று யோசித்துப் பாருங்கள்.

அக்காவின் வீடு மலைக்கோட்டைக்குக் கீழே உள்ள பழைய தெருக்களில் ஒன்றில் இருக்கிறது. மொட்டை மாடியில் ஏறி நின்றால் அந்தப் பெரிய பாறை முழுவதும் தெரியும். திண்டைப் போலக் கிடக்கும் கல் என்பதால்தான் ஊருக்கு இந்தப் பெயர் வந்தது என்பார்கள். ஊர் பூட்டுக்குப் பெயர் போனது. அக்கா வீட்டிலும் எட்டு ஆண்டுகளாக இரண்டு பூட்டுகள் தொங்கிக் கொண்டிருந்தன. ஒன்று அக்காவின் வாயில். மற்றொன்று அவள் மருமகளின் வாயில்.

சண்டை ஒன்றும் கிடையாது. "பால்காரர் வந்துவிட்டுப் போனார்", "குழம்பு அடுப்பில் இருக்கிறது" என்ற அளவில் பேச்சு நடக்கும். அதற்கு மேல் ஒரு சொல் ஓடாது. மருமகள் பெண்கள் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை. படித்த கர்வத்தில் பேசாமல் இருக்கிறாள் என்று மாமியார் நினைத்தாள். தான் என்ன பேசினாலும் படித்த கர்வம் என்றுதான் நினைப்பார்கள் என்று மருமகள் நினைத்தாள். இப்படி இருவரும் ஒருவரையொருவர் மிக நன்றாகப் புரிந்துகொண்டதாக எண்ணிக்கொண்டு வாழ்ந்தார்கள்.

போன ஆடிக்கு முந்திய தீபாவளி கழிந்த சில நாட்களில் மருமகளுக்கு மார்பில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. மதுரையில் சிகிச்சை நடந்தது. அறுவை முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊசி. அந்த ஊசியின் குணம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வேகமாகப் பெருகுகிற உயிரணுக்களை அது தேடித் தேடி அழிக்கும். நோயின் உயிரணு வேகமாகப் பெருகுவது. மயிர்க்காலின் உயிரணுவும் வேகமாகப் பெருகுவதுதான். மருந்துக்கு இரண்டுக்கும் வேற்றுமை தெரியாது. முதல் ஊசி போட்ட மூன்றாவது வாரத்தில், இடுப்புக்குக் கீழே தொங்கிய கூந்தல் தலையணையில் கொத்துக் கொத்தாகக் கிடந்தது.

பிள்ளை பொய்முடி வாங்கித் தருவதாகச் சொன்னான். கோயில்களில் காணிக்கையாகச் சேரும் முடியை ஏலத்தில் எடுத்துப் பொய்முடி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். யாரோ மனமொப்பித் தெய்வத்துக்குக் கொடுத்தது, யாருடைய துன்பத்தையோ மறைக்க வந்து சேர்கிறது. ஆனால் அவள் வேண்டாம் என்றுவிட்டாள். ஒரு பருத்தித் துணியைத் தலையில் கட்டிக்கொண்டாள். வந்தவர்கள் எல்லோரும் அவளுடைய முகத்தைப் பார்த்தார்கள், கையைப் பார்த்தார்கள், சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார்கள். தலையை மட்டும் பார்க்கவில்லை.

என் அக்கா ஒருத்திதான் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்ச் செம்பருத்தி இலையைப் பறித்துக்கொண்டு வந்தாளாம். மருமகள், "டாக்டரைக் கேட்காமல் எதுவும் தேய்க்கக் கூடாது அத்தை" என்றாள். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த முறை மதுரைக்குத் தானும் கூடப் போய், அந்த டாக்டரம்மாவிடம் தானே கேட்டாள். "இப்போது வேண்டாம் அம்மா. தோல் புண்ணாகக் கூடும். நான் சொல்லும்போது தேய்க்கலாம்" என்று பதில் வந்தது. பறித்த இலை மாட்டுக்குப் போயிற்று. ஒவ்வொரு முறையும் அக்கா கேட்டாள். ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்றார்கள். பங்குனியில் கடைசி ஊசி போட்டார்கள். வைகாசி முடிகிற சமயத்தில், "இனித் தேய்க்கலாம்" என்று உத்தரவு கிடைத்தது.

நான் ஆடியில் போனபோது பார்த்த காட்சி இதுதான்.

வெயில் ஏறுவதற்கு முன் அக்கா செடியடிக்கு வந்துவிடுவாள். ஐந்து இதழ் விரிந்த ஒற்றை அடுக்குச் சிவப்புப் பூவைத்தான் எடுப்பாள். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத் தண்டையும் அடியிலுள்ள பச்சைக் காம்பையும் கிள்ளிப் போட்டுவிடுவாள். பூவைவிட இலையைத்தான் அதிகமாகப் பறிப்பாள். முதல் நாள் இரவே ஊறப்போட்ட வெந்தயத்தோடு சேர்த்து அம்மியில் வைத்து அரைத்தால், அது நுரைத்துக்கொண்டு கொழகொழவென்று வரும். அதைப் பழைய வேட்டித் துணியில் போட்டுப் பிழிந்துகொள்வாள். அப்படியே பூசினால் சக்கை தலையில் ஒட்டிக்கொண்டு போகவே போகாது. பிழிந்த சாற்றை அரை மணி நேரம் தலையில் ஊறவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிவிடுவாள்.

எண்ணெய் வேறு. அதற்குப் பூவை நிழலில் வாடவிட்டு, தேங்காயெண்ணெயில் போட்டு, இரும்புச் சட்டியில் சிறு தீயில் காய்ச்சுவாள். எண்ணெய் சடசடவென்று பேசிக்கொண்டிருக்கும் வரைக்கும் அதில் ஈரம் இருக்கிறது என்று பொருள். பேச்சு அடங்கியதும் இறக்கிவிட வேண்டும். ஈரத்தோடு இறக்கினால் பத்து நாளில் சிக்கு வாடை அடிக்கும், தாமதித்தால் கருகிவிடும். கடிகாரம் பார்த்துச் செய்கிற வேலை அல்ல. காது கொடுத்துச் செய்கிற வேலை.

அன்று காலையில் அரைத்துக்கொண்டே அக்கா பெருமையோடு சொன்னாள்: "பார்த்தியா தம்பி, மருமகளுக்கு முடி எப்படிச் சுருண்டு சுருண்டு வருதுன்னு! முன்னே அவளுக்கு நீட்டு முடி. எல்லாம் நம்ம செம்பருத்தி பண்ற வேலை."

நான் பத்திரிகைகளில் எழுதுகிறவன். நாலு புத்தகம் படித்தவன். சும்மா இருக்க முடியுமா? "அக்கா, செம்பருத்திக்கும் முடிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஊசி நின்றுவிட்டால் முடி தானாக வளரும். பலருக்கு முதலில் சுருட்டையாகத்தான் வரும். நீ அரைக்காவிட்டாலும் வந்திருக்கும்" என்றேன்.

குழவி நின்றது.

சற்று நேரம் கழித்து அக்கா, "ஏன்டா தம்பி, இந்தச் செடிக்கு நான் தினமும் தண்ணி ஊத்துறேன். பூவை நானா விரிய வைக்கிறேன்? அது தானாத்தான் விரியுது. அதுக்காகத் தண்ணி ஊத்தாம இருக்கச் சொல்றியா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆறு மாசமா அந்தப் புள்ளை வலியிலே கெடந்தா. ஊசி போட டாக்டர் இருக்காரு. பணம் கட்ட அவ புருஷன் இருக்கான். எனக்குன்னு செய்ய என்னடா இருந்துச்சு?" என்றாள்.

முடி தானாக வளரும் என்பது அவளுக்கு முன்பே தெரிந்திருந்ததா, அந்த நொடியில் தேடிக்கொண்ட பதிலா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அவள் மறுபடி அரைக்கத் தொடங்கினாள். ஆனால் அன்று அரைத்ததில் முந்திய வேகம் இல்லை. நான் உள்ளே போய்ப் பத்திரிகையை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன்.

அங்கே உட்கார்ந்து யோசித்தபோது முதலில் பட்டது இது: நான் சொன்னது அப்படி முழு உண்மையும் அல்லவே!

நம் தலையில் ஏறக்குறைய 1,00,000 முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்கிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயற்கை. உயிர் இருப்பது தோலுக்கு அடியில் உள்ள வேரில்தான். வெளியே தெரிகிற கூந்தலுக்கு உயிர் கிடையாது. கவிஞர்கள் மேகம் என்று பாடியதெல்லாம், நகத்தைப் போன்ற செத்த பொருளைப் பற்றித்தான். ஆனால் செத்த பொருளுக்கும் பராமரிப்பு உண்டு. செம்பருத்தி இலையின் கொழகொழப்பு முடியின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து, வறட்சியைக் குறைத்து, சிக்கு விழாமல் வழவழப்பாக்குகிறது. இந்தப் பூவை வெள்ளைக்காரர்கள் 'செருப்புப் பூ' என்று அழைத்ததுண்டு. இதழைத் தேய்த்துக் காலணிக்கு மெருகு ஏற்றுவார்களாம். இலங்கைத் தமிழர் செவ்வரத்தை என்று சொல்லும் பூ இது. மலேசியாவில் 1960-ஆம் ஆண்டிலிருந்து தேசிய மலராக வீற்றிருக்கும் பூ. எந்த நாட்டில் எந்தப் பெயரில் பூத்தாலும் மெருகு தருவது இதன் குணம். ஒரு சம்பந்தமும் இல்லை என்று நான் சொன்னது தவறு.

இன்னொன்றும் உண்டு. சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1948-இல் தொடங்கியது. திண்டுக்கல்காரர்களுக்குத் தோல் தொழிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு முடியை நீக்குவது அந்தத் தொழிலின் ஆரம்ப வேலைகளில் ஒன்று. அந்தத் தொழிலுக்காக ஏற்பட்ட நிலையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள்தாம் செம்பருத்தி முடியை வளர்க்குமா என்று எலிகளை வைத்துச் சோதித்து, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். இலைச் சாறு, பூச் சாறு இரண்டையும் பார்த்ததில், வளர்ச்சியைத் தூண்டும் தன்மை பூவைவிட இலையில் அதிகமாக இருப்பதாகக் கண்டார்கள். எலியின் தோலில் கண்டதை அப்படியே மனிதத் தலையில் தூக்கி வைக்க முடியாது; அது வேறு விஷயம். ஆனால் பூவைவிட இலையை அதிகமாகப் பறிக்க வேண்டும் என்று என் அக்காவுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஆகவே, அக்கா ஓரளவு மிகைப்படுத்தினாள். அவளைத் திருத்தப் போன நானும் அதே அளவுக்கு மிகைப்படுத்தினேன். அவள் மிகைப்படுத்தியது மகிழ்ச்சியால். நான் மிகைப்படுத்தியது, எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்வதற்காக.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. என் தலையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அது திண்டுக்கல் மலையைப் போலவே இருக்கும். இளமையில் முன்நெற்றி ஏறத் தொடங்கிய காலத்தில், பெண் பார்க்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. செம்பருத்தியும் மூலிகைகளும் சேர்த்துக் காய்ச்சியது என்று சொல்லி ஒருவர் எண்ணெய் விற்றார். ஒரு புட்டி வாங்கித் தேய்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. போய்ச் சொன்னேன். "ஒரு புட்டியில் வேர் விழிக்கும், மூன்று புட்டியில் முளைக்கும்" என்றார். மூன்றும் முடிந்தது. "உங்கள் உடம்பில் சூடு அதிகம், இன்னும் மூன்று" என்றார். ஆறும் முடிந்த பிறகு, "நீங்கள் மனத்தில் நம்பிக்கையோடு தேய்த்திருக்க மாட்டீர்கள்" என்று என் மேலேயே குற்றம் சாட்டினார். சம்பளத்தில் பாதி போய், கடைசியில் குற்றவாளியும் நானே ஆனேன்!

இந்த மாதிரி வாக்குறுதிகளுக்கு நம் நாட்டில் தடை இல்லாமல் இல்லை. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 'ஜே' அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. அதிலுள்ள நோய்களைத் தடுப்பதாகவோ குணப்படுத்துவதாகவோ எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது. அந்தப் பட்டியலில் வழுக்கை இருக்கிறது, இளநரை இருக்கிறது, புதிதாக முடி வளர்ப்பது இருக்கிறது, புற்றுநோயும் இருக்கிறது. ஒன்று உயிரை வாங்கும் நோய். மற்றவை வெறும் மனக்குறை. இரண்டையும் ஒரே பட்டியலில் ஏன் எழுதினார்கள் என்று யோசித்தால் காரணம் புரியும். மனிதன் எந்தக் குறையைக் கண்டு அதிகமாக அஞ்சுகிறானோ, அந்தக் குறையின் வாசலில்தான் பொய்யர்கள் கடை போடுகிறார்கள்.

இப்போது என் கேள்வி இன்னும் கடினமாகிறது. எண்ணெய் விற்றவர் சொன்னதும் செம்பருத்தி முடியை வளர்க்கும் என்பதுதான். என் அக்கா சொன்னதும் அதுவேதான். பூ ஒன்று, சொல் ஒன்று. அவரை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. அக்காவை நினைத்தால் கண் கலங்குகிறது. ஏன்? அக்கா காசு வாங்கவில்லை என்பது மட்டுமா? காசு வாங்கி நல்ல எண்ணெய் விற்கிற எத்தனையோ ஏழைப் பெண்கள் இருக்கிறார்கள். காய்ச்சும் உழைப்புக்குக் கூலி பெறுவது பாவம் அல்ல.

வேற்றுமை வேறோர் இடத்தில் இருக்கிறது. "இப்போது வேண்டாம்" என்று டாக்டரம்மா சொன்னபோது, பறித்த இலையை மாட்டுக்குப் போட்டாள் அக்கா. ஆறு மாதம் காத்திருந்தாள். அவளுடைய நம்பிக்கைக்கு 'இல்லை' என்ற சொல்லைக் கேட்கிற காது இருந்தது. எண்ணெய்க்காரரின் வாக்குக்கு அந்தக் காது இல்லை. ஒவ்வொரு 'இல்லை'க்கும் அவரிடம் மூன்று புட்டி இருந்தது. அன்பு தான் நம்புவதற்காக மற்றவரைப் பலி கொடுக்காது. தன் நம்பிக்கைக்காக நோயாளியை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் அக்கா தடுத்திருந்தால், அவள் அன்பும் எண்ணெய்க்காரரின் வியாபாரத்தைவிடக் கொடியதாகத்தான் இருந்திருக்கும்.

அன்று மாலை மருமகள் பள்ளியிலிருந்து வந்ததும் நேராக மாடிக்கு வந்தாள். "சித்தப்பா, காலையில் அத்தைகிட்டே ஏதோ சொன்னீங்களாமே?" என்று கேட்டாள். நான் குற்றவாளியைப் போல விழித்தேன்.

"நீ அறிவியல் படித்தவள். உனக்குத் தெரியாதா? எட்டு வாரமாகத் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே, அது மட்டும் அவளை ஏமாற்றுவது ஆகாதா?" என்று பதிலுக்குக் கேட்டேன்.

அவள் சிரித்தாள். "அத்தை என்னைக் கேட்கலை சித்தப்பா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். முடி கொட்டின பிறகு, சொந்தக்காரங்க எத்தனையோ பேர் வந்தாங்க. யாரும் என் தலையைப் பார்க்கக்கூட இல்லை. அத்தை தொட்டாங்க. எட்டு வருஷத்திலே அவங்க கை என் மேலே பட்டது அப்பத்தான். எனக்கு முடி வளர்றதுக்காகவா நான் அங்கே உட்கார்றேன்னு நினைக்கிறீங்க?"

பிறகு அவள் ஒரு நிகழ்ச்சியைச் சொன்னாள்.

ஜூனில் பள்ளி திறந்தது. அவள் தலையில் அரை விரற்கடைக்கு முடி துளிர்த்திருந்த சமயம். முதல் நாள் வாசல்படி இறங்கும்போது அக்கா ஓடி வந்து, "தாயி, யாராச்சும் கேட்டா பழனிக்கு முடி எறக்கினேன்னு சொல்லிடு. ஒருத்தரும் மேலே கேக்க மாட்டாங்க" என்றாளாம்.

திண்டுக்கல்லில் இதைவிட எளிதான பொய் இருக்க முடியாது. பழனி 60 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வரும் ஆண்களையும் பெண்களையும் ஊரின் பஸ் நிலையத்தில் எந்த நாளும் பார்க்கலாம். தைப்பூசத்துக்கு நத்தம் வழியாக நடந்து வருகிற கூட்டம் இந்த ஊரைக் கடந்துதான் போகிறது. மழித்த தலை இங்கே வெட்கம் அல்ல, கௌரவம். பொய் சொன்னால் இரக்கத்துக்குப் பதில் மரியாதை கிடைக்கும்.

"நான் சொன்னேன் சித்தப்பா: அத்தை, சாமிக்கு எறக்கினா அது நானாக் கொடுத்தது. இது என்கிட்டேயிருந்து பறிச்சுக்கிட்டுப் போனது. ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்ல எனக்கு வாய் வரலைன்னு. அத்தை ஒண்ணும் சொல்லலை. சாப்பாட்டுப் பையை மட்டும் கையிலே கொடுத்தாங்க."

வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எதிர்பார்த்தபடியே கேட்டார்கள்: "டீச்சர், பழனிக்குப் போனீங்களா?"

"இல்லை. எனக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது. அதற்குப் போட்ட மருந்தினால் முடி கொட்டிவிட்டது. மறுபடி வளர்ந்துகொண்டிருக்கிறது" என்றாள் அவள். வகுப்பு ஒரு கணம் நிசப்தமாக இருந்தது. பிறகு பாடம் நடந்தது.

மறுநாள் காலையில் ஒரு சிறு பெண் செய்தித்தாளில் மடித்த பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். உள்ளே ஒரு பிடி செம்பருத்தி இலையும் இரண்டு பூவும். "எங்க அப்பத்தா குடுத்து விட்டாங்க டீச்சர். அரைச்சுத் தேய்ச்சா முடி கருகருன்னு வளருமாம்" என்றாள்.

"நீ என்ன சொன்னாய்?" என்று ஆவலோடு கேட்டேன். என் மனத்திலிருந்த கேள்வி அல்லவா அது!

"முடியை வளர்க்குமான்னு இன்னும் யாரும் மனுஷங்ககிட்டே உறுதியா நிரூபிக்கலைம்மா. ஆனா வளர்ற முடியைப் பட்டு மாதிரி வச்சிருக்கும். அப்பத்தாகிட்டே டீச்சர் சந்தோஷப்பட்டாங்கன்னு சொல்லுன்னேன். இலையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ரெண்டு பூவையும் வெந்நீரிலே போட்டுச் சாறெடுத்து, வகுப்பிலே பாடம் நடத்தினேன். எலுமிச்சம் பழம் விட்டா அது இளஞ்சிவப்பா மாறும், சோப்புத் தண்ணி விட்டாப் பச்சையாயிடும். அமிலம் எது, காரம் எதுன்னு அந்தப் பூவே காட்டிடும்."

நான் வெகு நேரம் பேசாமல் இருந்தேன்.

குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யையும் வாய்மையின் வரிசையில் வைக்கலாம் என்று வள்ளுவர் இடம் கொடுத்திருக்கிறார். வாய்மை அதிகாரத்திலேயே கொடுத்திருக்கிறார். ஜெர்மன் தத்துவஞானி காண்ட் 1797-இல் எழுதிய ஒரு கட்டுரையில், கொலைகாரனிடமிருந்து நண்பனைக் காப்பாற்றுவதற்காகக்கூடப் பொய் சொல்லும் உரிமை நமக்கு இல்லை என்று வாதாடினார். இளமையில் எனக்குக் காண்ட் பெரிய வீரராகத் தெரிந்தார். வயது ஏற ஏற வள்ளுவரின் கருணை பெரிதாகத் தெரிந்தது. ஆனால் நாம் எல்லோரும் வள்ளுவரிடம் ஒரு பாதியைத்தான் வாங்கிக்கொள்கிறோம். 'நன்மை' என்பதை இறுகப் பிடித்துக்கொள்கிறோம். 'குற்றமில்லாத' என்ற நிபந்தனையை மெதுவாக நழுவ விட்டுவிடுகிறோம். எண்ணெய்க்காரரும் எனக்கு நன்மை செய்வதாகத்தான் சொன்னார்.

அந்த ஆசிரியை இருவருக்கும் நடுவில் ஒரு வழியைக் கண்டுபிடித்திருந்தாள். பழனி என்ற அழகான பொய்யை அவள் சொல்லவில்லை. என்னைப் போல உண்மையைக் கல்லாக்கி யார் மேலும் எறியவும் இல்லை. எவ்வளவு உண்மையோ அவ்வளவு சொன்னாள். அந்த அளவுக்குள் ஒரு கிழவியின் அன்புக்கும் இடம் இருந்தது. பட்டுப் போல வைத்திருக்கும் என்பது உண்மை. சந்தோஷப்பட்டாள் என்பதும் உண்மை. அவள் பழனிக்குப் போனதாகச் சொல்லியிருந்தால் பிள்ளைகள் கும்பிட்டிருப்பார்கள். அந்தப் பொட்டலம் வந்திருக்காது. மறைத்து வைத்த துன்பத்துக்கு யார் இலை பறித்துக் கொடுக்க முடியும்?

பொய்யால்தான் அன்பைக் காப்பாற்ற முடியும் என்று நாம் நினைக்கிற பல இடங்களில், நமக்கு உண்மையை அளந்து சொல்லத் தெரியவில்லை என்பதே காரணம் என்று இப்போது தோன்றுகிறது. அளந்து சொல்வதற்குப் பொறுமை வேண்டும். எதிரில் இருப்பவரை நினைக்க வேண்டும். என்னுடைய வருத்தம் உண்மையைச் சொன்னதற்காக அல்ல. அக்காவைப் பற்றி நினைக்காமல், என்னைப் பற்றி மட்டும் நினைத்துக்கொண்டு சொன்னேனே, அதற்காகத்தான். அந்த வருத்தம் நியாயமானதே.

மறுநாள் காலையில் நான் முன்னதாக எழுந்து கிணற்றடிக்குப் போனேன். அக்கா வருவதற்குள் இலை பறித்து, பூவின் காம்பைக் கிள்ளி, தட்டில் வைத்தேன். அக்கா தட்டைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் அரைக்க உட்கார்ந்தாள். மருமகள் முக்காலியைப் போட்டுக்கொண்டு வந்து முன்னால் அமர்ந்தாள். அக்காவின் விரல்கள் அந்தச் சின்னஞ்சிறு சுருள்களுக்கு நடுவே மெல்ல நடந்தன. இருவரும் ஏதோ பேசிச் சிரித்துக் கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றி என்று நினைக்கிறேன்.

கிண்ணத்தில் கொஞ்சம் சாறு மிஞ்சியது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "வாடா தம்பி, உனக்கும் தேய்ச்சு விடறேன்" என்றாள்.

"அக்கா, அங்கே வேரே இல்லை. இனி எது முளைக்கப் போகிறது?" என்றேன்.

"முடிக்கா கூப்பிட்டேன்? வெயில்லே அலையிறவன், குளிர்ச்சியா இருக்கும், வா" என்றாள்.

குளிர்ச்சியாகத்தான் இருந்தது.